பூனைக் குட்டிகளைத் தெருவில் விடலாமா?

நம்முடைய இல்லங்களில் பூனைக்கு என்றுமே ஓர் இடம் உண்டு. சமையலறை வாசலிலும், மீன் ஆயும் இடத்திலும், தொழுகை விரிப்பின் ஓரத்திலும் அது வந்து படுத்துக் கொள்ளும். யாரும் அதை விரட்டுவதில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கப் பூனை ஒன்று வந்தபோது, அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்புடன் பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று என்றும், நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்றும் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். பூனைக் குட்டியின் மீது கொண்ட பிரியத்தினால்தான் அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயரே வழங்கலாயிற்று.

இத்தனை பிரியமாக வளர்க்கும் பூனை குட்டி போட்டவுடன் பல வீடுகளில் நடப்பது என்ன? முதல் ஈற்றுக் குட்டிகளை அக்கம்பக்கத்தார் வாங்கிக் கொள்வார்கள். இரண்டாம் ஈற்றுக்கு ஆள் கிடைக்காது. மூன்றாவது ஈற்றில், கண் திறந்தும் திறவாததுமான குட்டிகளைக் கோணிப் பையில் போட்டுக்கொண்டு போய், மீன் மார்க்கெட்டிலோ, அடுத்த தெருக் குப்பைத் தொட்டியருகிலோ, பள்ளிவாசல் ஹவுளின் பக்கத்திலோ விட்டுவிட்டு வருவார்கள். கேட்டால், "ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ், எங்கேயாவது பிழைத்துக் கொள்ளும்" என்பார்கள்.

ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹுத்தஆலாதான். அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. அந்தக் குட்டிக்கு அவன் ஏற்படுத்திய ரிஸ்கு அதன் தாயின் மடியில் இருந்தது. அதைப் பறித்தது யார் என்பதைத்தான் நாம் சிந்திக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட ஒரு பெண் அதனால் தண்டனைக்குள்ளானாள் என்ற ஹதீஸை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. அவள் தானும் உணவளிக்கவில்லை. பூமியில் ஊர்ந்து திரியும் சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்னட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. "நாங்கள் அவிழ்த்துத்தானே விடுகிறோம்?" என்று ஒருவர் கேட்கலாம். எலி பிடிக்கத் தெரிந்த வளர்ந்த பூனையை அவிழ்த்து விடுவது வேறு. பால் குடி மறவாத குட்டியைத் தெருவில் விடுவது வேறு. பூனைக் குட்டிக்குக் கண் திறக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். தாயை விட்டுப் பிரிய ஏறக்குறைய எட்டு வாரம் ஆக வேண்டும். அதற்கு முன் தெருவில் விடப்படும் குட்டி, கட்டப்பட்ட பூனையைப் போன்றதுதான். கயிறு இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

பெருகும் கணக்கு

பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக் கூடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாவதுண்டு. வருடத்திற்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி, அவற்றில் பாதி பெண் என்று வைத்துக் கொள்வோம். முதல் வருடம் எட்டுக் குட்டிகள். அடுத்த வருடம் தாயும் அதன் நான்கு பெண் குட்டிகளும் ஈன்றால் நாற்பது. ஆக, இரண்டே வருடத்தில் ஒரு பூனை நாற்பத்தொன்பதாகிறது.

ஆனால் நமது தெருவில் நாற்பத்தொன்பது பூனைகளை நாம் காண்பதில்லை. மற்றவை எங்கே போயின? வண்டிச் சக்கரத்திலும், நாய் வாயிலும், பசியிலும், நோயிலும் போயின. இந்தக் கணக்கை நாம் எழுதாமல் விட்டாலும் மலக்குகள் எழுதாமல் விடுவார்களா?

மார்க்கச் சட்டம் என்ன?

குட்டிகள் பிறந்த பின் எறிவதைவிட, பிறவாமலே தடுக்க இன்று வழியிருக்கிறது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, ஆண் பூனைக்கு விரைகளையும், பெண் பூனைக்குச் சினைப்பையையும் கருப்பையையும் அகற்றி விடுகிறார். கருத்தடை அறுவை என்று இதைக் கூறுகிறார்கள். "இது ஆகுமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மனிதன் தன்னை மலடாக்கிக் கொள்வது கூடாது. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் இல்லறம் துறந்து வாழ விரும்பியபோது நாயகம் (ஸல்) அவர்கள் அதை மறுத்து விட்டார்கள். அனுமதி கிடைத்திருந்தால் தாங்கள் விரை நீக்கிக் கொண்டிருப்போம் என்று ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கூறினார்கள். இதில் கருத்து வேற்றுமை இல்லை.

பிராணிகளின் விஷயம் வேறு. நாயகம் (ஸல்) அவர்கள் காயடிக்கப்பட்ட இரண்டு ஆட்டுக் கிடாய்களைக் குர்பானி கொடுத்ததாக அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் வந்துள்ளது. நமது ஊர்களிலும் காயடித்த கிடாயைத் தாராளமாகக் குர்பானி கொடுக்கிறோம். மறுபுறம், இப்னு உமர் (ரலி) அவர்கள் காயடிப்பதை வெறுத்தார்கள் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் காணப்படுகிறது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததைத் திருமறையின் நிஸா அத்தியாயம் கூறுகிறது. அதற்குக் காயடித்தல் என்று சில முபஸ்ஸிரீன்கள் பொருள் கூறினார்கள். மார்க்கத்தை மாற்றுதல் என்று வேறு சிலர் கூறினார்கள். எனவே இமாம்களிடையே அபிப்பிராய பேதம் ஏற்பட்டது.

ஹனபீ மத்ஹபின் துர்ருல் முக்தார் என்னும் கிதாபில், பிராணிகளுக்கு, பூனைக்கும்கூட, விரை நீக்கலாம் என்று கூறப்பட்டுள்ளது. ஆனால் பயன் இருக்க வேண்டும். பயனின்றிச் செய்வது ஹராம். ஷாபிஈ மத்ஹபில் சட்டம் இறுக்கமானது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மஜ்மூஃ என்னும் கிதாபில், உண்ணத்தக்க பிராணிக்கு அதன் இளம் பருவத்தில் செய்யலாம், உண்ணத்தகாத பிராணிக்குக் கூடாது என்று கூறுகிறார்கள். பூனையும் நாயும் உண்ணத்தகாதவை.

அப்படியானால் ஷாபிஈகள் என்ன செய்வது? இதை நாமாகத் தீர்த்துக் கொள்ளாமல் ஊர் ஆலிமிடம் கேட்பதே முறை. கேட்கும்போது நிலைமையை முழுமையாகச் சொல்ல வேண்டும். இன்று இந்த அறுவை மயக்க நிலையில் செய்யப்படுகிறது என்பதையும், செய்யாவிட்டால் குட்டிகளுக்கு நேரும் கதியையும், பிராணியின் உடல் நலத்திற்கு அதனால் கிடைக்கும் பயனையும் எடுத்துக் கூற வேண்டும். ஷாபிஈ மத்ஹபு வழங்கும் மலேசியாவிலேயே இந்த நலன்களைக் கருதி ஆலிம்கள் இதை அனுமதித்துள்ளார்கள். சவூதி அரேபியாவின் ஷைகு இப்னு உஸைமீன் (மரணம் 2001) அவர்களும், பூனைகள் பெருகித் தொல்லையாகி, அறுவையால் அவற்றுக்குத் தீங்கு நேராது என்றிருந்தால் குற்றமில்லை, பிறந்த பின் கொல்வதைவிட இது மேல் என்று கருத்துத் தெரிவித்தார்கள்.

பிராணிக்கு என்ன பயன்?

குட்டிகள் பெருகாமலிருப்பது முதற்பயன். ஆயினும் அதுமட்டுமன்று.

பெண் பூனைக்கும் பெண் நாய்க்கும் வயதான பின் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வருவதுண்டு. கவனிக்காவிட்டால் அது உயிரையே குடிக்கும். கருப்பை அகற்றப்பட்ட பிராணிக்கு அந்த அபாயம் இல்லை. முதல் பருவம் வருமுன் செய்துவிட்டால் மடியில் புற்றுநோய்க் கட்டி வரும் வாய்ப்பும் பெரிதும் குறைகிறது. ஆண் பிராணிக்கு விரையில் கட்டி வராது.

கடுவன் பூனை வீட்டைச் சுற்றி மூத்திரம் பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். தொழுமிடத்தைச் சுத்தமாக வைத்திருக்க விரும்பும் நமக்கு இது சிறிய பயனன்று. இரவெல்லாம் கத்துவதும், பெட்டையைத் தேடி ஊர் சுற்றிக் கடிபட்டுத் திரும்புவதும் குறையும். கடிக் காயத்தின் வழியே பரவும் சில நோய்களிலிருந்தும் அது தப்பிக்கிறது.

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்று நம் பெண்கள் சொல்வார்கள். இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. சினைப்படாமலிருக்க மாத்திரையோ ஊசியோ போட்டால் போதும் என்று கருதுவதும் சரியன்று. அவ்வகை மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் மேலே சொன்ன கருப்பைச் சீழும் மடிக் கட்டியும் வரக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

எல்லாக் காரியத்திலும் நன்முறையைக் கையாளும்படி அல்லாஹ் விதித்துள்ளான். அறுக்கும் பிராணிக்கும்கூடக் கத்தியைத் தீட்டிச் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே இந்த அறுவையைத் தேர்ந்த கால்நடை மருத்துவரிடமே செய்து கொள்ள வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர் என்று யாரிடமோ கொடுத்து, மயக்க மருந்தின்றி நசுக்கச் செய்வது வதையாகும். 

பூனைக்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாத வயதில் செய்கிறார்கள். பெரிய சாதி நாய்களுக்கு மிக இளமையில் செய்தால் மூட்டு நோய் வரக்கூடுமாதலால் மருத்துவரிடம் வயதைக் கேட்டறிய வேண்டும். அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் தீனி கொடுக்காதிருக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். பின்னர் பத்துப் பதினைந்து நாள் வரை காயத்தை நக்க விடாமல், நனையாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வீக்கமோ சீழோ கண்டால் மாட்டாஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டு செல்ல வேண்டும். மயக்க மருந்தில் சிறிது அபாயம் உண்டு என்பதையும், அறுவைக்குப் பின் பிராணி பருத்துவிடக்கூடும், எனவே தீனியை அளவாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

நாய் விஷயம்

வேட்டைக்கும், மந்தைக்கும், பயிர்க் காவலுக்குமன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஆகவே பொழுதுபோக்கிற்காக நாய் வளர்ப்பது நமக்குரியதன்று. ஆனால் தோப்புக் காவலுக்கும் ஆட்டு மந்தைக்கும் நாய் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் இருக்கின்றன. அந்த நாய் ஈனும் குட்டிகளே பின்னர் தெருநாய்களாகின்றன.

தெருநாய்களைக் கொன்று தீர்ப்பதுதான் வழி என்று நெடுங்காலம் நம்பினார்கள். சென்னையிலும் மாநகராட்சி அப்படித்தான் செய்து வந்தது. நாய்கள் குறையவில்லை. ஒன்றைக் கொன்றால், அதன் இடத்திற்கும் எச்சிலுக்கும் வேறொன்று வந்து சேரும். 1964ம் வருடம் புளூ கிராஸ் என்னும் பிராணி நலச் சங்கம் சென்னையில் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. 1996ல் மாநகராட்சியும் கொல்வதை விட்டு இம்முறைக்கு வந்தது. 2001ல் நாடு முழுமைக்கும் இதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. 2023ல் அவை புதுப்பிக்கப்பட்டன. வளர்ப்புப் பிராணிக்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் வளர்ப்பவர் பொறுப்பு என்று அந்தப் புதிய விதிகள் கூறுகின்றன. வெறிநோய் நாயால் மட்டுமன்றிப் பூனைக் கடியாலும் வரும். ஆதலால் அறுவைக்குக் கொண்டு செல்லும்போதே தடுப்பூசி பற்றியும் கேட்டுக் கொள்வது நலம்.

நமது பொறுப்பு

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அன்ஆம் அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா அறிவிக்கின்றான். தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரை அவன் மன்னித்தான். பூனையைப் பட்டினி போட்டவளைத் தண்டித்தான். அந்த இரு பிராணிகளையும் பற்றித்தான் நாம் இவ்வளவும் பேசினோம்.

வீட்டில் பூனை வைத்திருக்கும் தாய்மார்கள் முதலில் அது ஆணா பெண்ணா, வயது என்ன என்று பாருங்கள். தங்கள் மத்ஹபின் ஆலிமிடம் சட்டத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள். அனுமதி பெற்றால் அடுத்த ஈற்றுக்கு முன் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அதற்கு மனம் ஒப்பாதவர்கள், பிறக்கும் ஒவ்வொரு குட்டியையும் பால் மறக்கும் வரை தாயோடு வைத்து வளர்த்து, நல்ல கைகளில் ஒப்படைக்கும் பொறுப்பை ஏற்றுக் கொள்ளுங்கள். இவ்விரண்டில் ஒன்று நம்மால் முடியும். கோணிப் பை மட்டும் வேண்டாம்.

வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் நம்மைக் கேள்வி கணக்கிலிருந்து காப்பாற்றி, இரக்கமுள்ள நல்லடியார்களாக நம்மனைவரையும் அல்லாஹுத்தஆலா ஆக்கியருள்வானாக! ஆமீன்.