பொதுத்தேர்வுக்கு முன் ஆறு வாரம்: வீடும் பள்ளியும் இப்போதே செய்ய வேண்டியவை

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் திருப்புதல் தேர்வுகள் வரிசைகட்டி நிற்கின்றன. பிளஸ் டூ மாணவர்களுக்குப் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் எழுத்துத் தேர்வு. அதை ஒட்டியே பத்தாம் வகுப்புக்கும். பொழுது விடிந்ததும் சிறப்பு வகுப்பு, மாலையில் இன்னொரு சிறப்பு வகுப்பு, அதற்கு மேல் ட்யூஷன். மார்க் வாங்குவதற்கான ஏற்பாடு எல்லா வீட்டிலும் மும்முரமாக நடக்கிறது. மார்க் குறைந்தால் என்ன செய்வது என்ற பேச்சை மட்டும் பெரும்பாலான வீடுகள் மே மாதத்துக்குத் தள்ளிவைத்துவிடுகின்றன. பிள்ளையோ அந்தக் கேள்வியைத் தனியாக, இரவு நேரத்தில், இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்தப் பருவத்தின் முதல் வேலை அந்தப் பேச்சை இந்த வாரமே பேசி முடிப்பதுதான்.

முதலில் பேச வேண்டியது

பேசுவதற்கு முன் பெற்றோர் சில விவரங்களைக் கையில் வைத்திருப்பது நல்லது. தேர்ச்சிக்கு வேண்டியது 100-க்கு 35. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்து, மொத்தம் 35-ஐத் தொட்டால் போதும். இயற்பியலை நினைத்தாலே வயிறு கலங்கும் மாணவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் பயத்தில் பாதி அங்கேயே வடிந்துவிடும்.

அப்படியும் ஒரு பாடம் போய்விட்டால்? ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு வருகிறது. அதில் தேறியவர் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பிலோ கல்லூரியிலோ சேர்ந்துகொள்ளலாம், ஓராண்டு வீணாவதில்லை. தோற்றவர்களுக்கு இப்படிச் சீக்கிரமே மறுவாய்ப்பு தர வேண்டும் என்று வலியுறுத்தி வந்தவர்களில் ஒருவர், சென்னையில் 1986-இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். மாணவர் சேர்க்கைக்காக மட்டும் வந்த ஏற்பாடு அன்று இது. உயிரைக் காக்கவும் கேட்டுப் பெற்றது.

பேச்சு நீளமாக இருக்க வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்த நேரத்தில், டிவியை அணைத்துவிட்டு, “மார்க் எப்படி வந்தாலும் அன்னைக்கு நீ நேரா வீட்டுக்கு வா. குறைஞ்சா அடுத்து என்ன பண்ணலாம்னு சேர்ந்து பார்த்துக்கலாம்” என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால் போதும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். “ஆனா நீ மட்டும் நல்லாப் படிச்சிருந்தா…” என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் பிள்ளைக்குக் காதில் விழுவது அந்த வால் மட்டும்தான்.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தப் பட்டியல் இன்னும் உயிரோடு இருக்கிறது. “எவ்ளோ எதிர்பார்க்குறே?” என்று கேட்கும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பதில் சொல்லும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும்; போனைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.

தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி. இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுப்பப்படும் மாணவருக்குக் கிடைப்பது ஐந்தே மணி நேரம். பகலில் படித்தது மனத்தில் படிவதற்குத் தூக்கம் தேவை என்பதால், ராத்திரி கண்விழித்துச் சேர்த்த பாடமே ஒழுகிப்போகிறது. விடியற்காலைப் படிப்புதான் ஒத்துவருகிறது என்றால் இரவு ஒன்பதுக்கே விளக்கை அணைக்கலாம். வீட்டில் எல்லோருடைய போனும், அப்பாவுடையது உட்பட, ஒன்பது மணிக்குக் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும்.

நேரம் குறைகிறதே என்று கவலைப்படுபவர்கள் படிக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அரைமணி நேரம் வாசிப்பு, பத்து நிமிடம் புத்தகம் மூடி எழுதுதல், பிறகு மொட்டைமாடியில் ஐந்து நிமிட நடை என்று பிரித்துக்கொண்டால் முதுகும் தப்பும்.

பள்ளியில்

திருப்புதல் தேர்வின் விடைத்தாளைக் கொடுக்கும் விதத்திலிருந்து தொடங்கலாம். பல வகுப்புகளில் அதிக மார்க்கில் ஆரம்பித்து இறங்குவரிசையில் பெயர் கூப்பிடுகிறார்கள். தொண்ணூறுகள் முடியும், எழுபதுகள் முடியும். கட்டு மெலிய மெலியக் கடைசி பெஞ்சில் ஐந்தாறு பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுடைய மார்க்கைப் பெயர் வருவதற்கு முன்பே வகுப்பு முழுவதும் கணித்துவிடுகிறது. வருகைப்பதிவேட்டு வரிசையில், மார்க் தெரியாமல் மடித்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஆகாது. மார்க்கை வைத்து மாணவர்களை வகுப்பு பிரிப்பதும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

ஆலோசகர் வரும்வரை பள்ளி கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 75 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ ஆய்வு 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. சில பள்ளிகளில், மனநலப் பட்டம் ஏதும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஒருவர் முழுநேரமாக நியமிக்கப்பட்டார். சுவர் இதழ், மாணவர்கள் குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, போட்டிகள், தனியே வந்து பேச ஓர் இடம் என்று அவர் ஏற்படுத்தினார். அங்கே சக மாணவர்களைத் துன்புறுத்துவதும் மனச்சோர்வும் குறைந்தன. பள்ளியில் ஒட்டுதல் கூடியது. இதே வேலைகளை ஏற்கெனவே இருந்த ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் அந்தப் பலன் தென்படவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. தேர்வுக் காலத்தில் அதை யார், எந்தக் கிழமை திறப்பார் என்று தலைமையாசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்துவிடட்டும். மாணவர் வந்து பேசுவதற்கென, பத்து, பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தாத ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்வது நல்லது. உடற்கல்வி ஆசிரியரோ நூலகரோ பொருத்தமாக இருக்கலாம். கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகள் முறைப்படி ஆணையாகிவிட்டனவா என்பதையும் நுழைவுச்சீட்டு வரும் முன் சரிபார்த்துவிட வேண்டும்.

தேர்வு நாட்களில்

காலை 10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். எழுதத் தொடங்குவது 10.15-க்கு. முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிக்க மட்டுமே. நன்றாகத் தெரிந்த கேள்விகளை மனத்தில் குறித்துக்கொண்டு, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவதற்கு அந்த நேரம் தாராளம்.

தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தன் பயங்களை ஒரு தாளில் கொட்டி எழுதிய மாணவர்களில், பதற்றம் அதிகமுள்ளவர்கள் கூடுதல் மார்க் எடுத்ததாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011-இல் சொன்னது. செலவில்லாத வழி. எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

வீடு திரும்பியதும் வாசலிலேயே வினாத்தாளை வாங்கி, ஒரு மார்க் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். மூன்று விடை தப்பு என்று தெரிவதால் எழுதி முடித்த தேர்வில் எதுவும் மாறாது. அடுத்த தேர்வுக்கான இரவுதான் கெடும். தாள்களைக் கடைசித் தேர்வு வரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பதற்றம் எல்லோருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் தலைகீழாக மாறினாலோ, நண்பர்களிடமிருந்து ஒதுங்கினாலோ, பிடித்த பொருட்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, “நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி” என்பதுபோலப் பேசினாலோ காத்திருக்கக் கூடாது. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனத்தில் இருப்பதைச் சொல்ல வழிதான் பிறக்கும். ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்தில் பூட்டிவைத்து, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றே அழைத்துச் செல்ல வேண்டும்.

இந்த எண்களைத் தேர்வு அட்டவணையின் பின்புறத்தில் இன்றே எழுதி ஒட்டிவையுங்கள். டெலி மானஸ் மனநல உதவி 14416, மருத்துவ உதவி 104, பள்ளிக்கல்வி உதவி மையம் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

முடிவு வரும் வாரம்

மே மாதத்தில் முடிவு தேதி அறிவிக்கப்பட்டதும் பெற்றோரில் ஒருவர் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை முடிவைத் தனியறையில் போனில் பார்க்க விடாமல் கூடவே இருந்து பாருங்கள். வகுப்பாசிரியர்கள், மார்க் குறையும் என்று தாங்கள் நினைக்கும் மாணவர்களின் பெயர்களை முன்கூட்டியே குறித்துவைத்து, முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த வீடுகளுக்குத்தான் முதலில் போன் செய்ய வேண்டும். முதல் மதிப்பெண்காரரை வாழ்த்துவது அதற்கப்புறம் ஆகட்டும். மறுகூட்டலுக்கும் துணைத்தேர்வுக்கும் விண்ணப்பிக்கச் சில நாட்களே அவகாசம் இருக்கும் என்பதால், கடைசித் தேதி என்ன, கட்டணம் எவ்வளவு, எங்கே பதிய வேண்டும் என்ற மூன்று விவரத்தையும் அந்த முதல் அழைப்பிலேயே சொல்லிவிடலாம்.