மைதானமும் ஓர் அமானிதம்



விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் கால்பந்துப் போட்டிகளுக்குச் செல்கிறார்கள். அங்கேயும் மார்க்கம் நம்மோடு வர வேண்டும்.

முதலாவது, நீதி. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நீண்ட தூரத்தையும் மற்றவற்றுக்குக் குறைந்த தூரத்தையும் நிர்ணயித்தார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. பிள்ளைகளை வயது வாரியாகப் பிரிப்பதும் அதே நீதிதான். வயதைக் குறைத்துச் சொல்லி மகனை ஆடவிடும் தந்தை, அவனுக்குப் பொய்யைத்தான் கற்றுக்கொடுக்கிறார்.

இரண்டாவது, பாதுகாப்பு. கால்பந்துச் சட்டத்தின் 4-வது விதி ஷின் கார்டைக் கட்டாயமாக்குகிறது. மோதிரம், சங்கிலி கூடாது. டேப் ஒட்டி மறைத்தாலும் கூடாது. அடிபடப் போவது தன் பிள்ளை மட்டுமல்ல, எதிரே ஆடும் பிள்ளையும்தான். தலையில் அடிபட்ட பிள்ளை தலைசுற்றல், வாந்தி என்றால் உடனே வெளியே அழைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அன்று மீண்டும் இறக்காதீர்கள். நாம் வெளியே நின்று "ஆடு, ஆடு" என்று கத்தினால், அவன் வலியை மறைப்பான். கோப்பை அடுத்த ஆண்டும் வரும். பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம்.

மூன்றாவது, தோல்வி. நபியவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியது. தோழர்கள் வருந்தினார்கள். நபியவர்களோ, உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தியே தீருவான் என்பதை உணர்த்தினார்கள். அப்படியிருக்க, ஒரு கோலுக்காக நடுவரைத் திட்டலாமா? பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.