'எது ஸ்கோரிங்?' என்ற கேள்விக்கு ஒரு கணக்கு

நாலாவது செமஸ்டர் முடியும் நேரத்தில் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வரும். எலெக்டிவ் சாய்ஸ், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஃபில் பண்ணணும். அடுத்த பத்து நிமிஷத்துக்கு குரூப்பில் ஓடும் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "மச்சி, எது ஸ்கோரிங்?" சீனியர் ஒருத்தர் ஒரு பேப்பர் பேரைச் சொல்வார். அறுபது பேரில் நாற்பது பேர் அதையே டிக் பண்ணுவாங்க. முடிஞ்சது.

பிளஸ் டூ முடிச்ச கையோடு, 200-க்கு எடுத்த கட் ஆஃப் நம்மை ஒரு பிரான்ச்சில் கொண்டுவந்து உட்கார வெச்சது. அதில் நம்ம விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அப்புறம் நாலு வருஷத்தில் நாம நிஜமாவே தேர்ந்தெடுக்கிற பாடங்கள்னா இந்த எலெக்டிவ்கள்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் சிஎஸ்இ படிக்கிறவங்களுக்கு அஞ்சாவது செமஸ்டரில் ரெண்டு, ஆறாவதில் நாலு புரொஃபெஷனல் எலெக்டிவ். அதுக்கு மேல ஓப்பன் எலெக்டிவ் நாலு. மொத்தம் பத்து பேப்பர். மற்ற பிரான்ச்சிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் எண்ணிக்கை மாறலாம், விஷயம் இதேதான். இந்தப் பத்தையும் 'ஸ்கோரிங்' என்ற ஒரே வார்த்தையை வெச்சு முடிவு பண்ணலாமா? முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

ஒரு எலெக்டிவ் 3 கிரெடிட். நாலு வருஷத்துக்கும் சேர்த்து 160 கிரெடிட்னு வெச்சுக்குங்க. ஈஸியான பேப்பர் எடுத்து ஏ பிளஸ் வாங்கினா கிரேடு பாயின்ட் 9. கஷ்டமான பேப்பர் எடுத்து பி பிளஸ் வந்தா 7. வித்தியாசம் 2. அதை 3 கிரெடிட்டால் பெருக்கினா 6. 160-ஆல் வகுத்தா 0.0375. அதாவது, கஷ்டமான பேப்பருக்கு நீங்க கொடுக்கிற விலை கடைசி சிஜிபிஏ-வில் 0.04 கூட இல்லை. ஆறு புரொஃபெஷனல் எலெக்டிவும் கஷ்டமானதாவே எடுத்து, ஆறிலும் ரெண்டு ரெண்டு பாயின்ட் இழந்தாலும் 36-ஐ 160-ஆல் வகுத்தா 0.225தான்.

அப்புறம் ஏன் இது அவ்வளவு பெரிசாத் தெரியுது? நாம ரிசல்ட் பார்க்கிறது செமஸ்டர் வாரியா. ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட்னா, அதே 6 பாயின்ட் அந்த செமஸ்டர் ஜிபிஏ-வில் 0.27 ஆகக் கண்ணில் அடிக்கும். 8.4 வரவேண்டியது 8.13 வந்தா மனசு கஷ்டப்படத்தான் செய்யும். ஆனா கம்பெனிக்காரங்க பார்க்கிறது செமஸ்டர் ஜிபிஏ-வை இல்லை.

இதுக்கு நியாயமான எதிர்வாதம் ஒண்ணு இருக்கு, அதை மறைக்கக் கூடாது. பிளேஸ்மென்ட் வரும்போது 160 கிரெடிட்டும் முடிஞ்சிருக்காது. அஞ்சாவது செமஸ்டர் முடியும்போது 110 கிரெடிட்னு வெச்சுக்கிட்டா, ரெண்டு எலெக்டிவில் சேர்த்து இழக்கிற 12 பாயின்ட் 0.11 ஆகும். உங்க சிஜிபிஏ 7.05, கம்பெனி கேட்கிறது 7 என்றால் அது கோட்டுக்குக் கீழே தள்ளிவிடும். அந்த நிலையில் இருக்கிறவங்க ஒரு பேப்பரைப் பாதுகாப்பா எடுக்கிறது தப்பே இல்லை. அரியர் விஷயம் இன்னும் சீரியஸ். பி பிளஸ் வந்தா 0.04 போகும். அரியர் விழுந்தா, 'நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்' என்று கேட்கிற கம்பெனியில் உட்காரவே முடியாது. அதனால 'இதில் எனக்கு எவ்வளவு மார்க் வரும்' என்பதை விட 'இதில் நான் பாஸ் ஆவேனா' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்விக்கு சீனியர் பதில் சொல்வார். ரெண்டாவதுக்கு உங்களுக்கு மட்டும்தான் பதில் தெரியும்.

இன்னொண்ணு. ரிலேட்டிவ் கிரேடிங் இருக்கிற இடத்தில் 'ஸ்கோரிங் பேப்பர்' என்ற பேச்சே பாதி அடிபட்டுப் போகும். எல்லாருக்கும் 85 வர்ற பேப்பரில் 85 என்பது சராசரி, அவ்வளவுதான். நாற்பது பேர் ஓடிப்போய் சேர்ற பேப்பரில் போட்டியும் நாற்பது பேரோடதான்.

சரி, மார்க்கை ஓரமா வெச்சா வேற எதைப் பார்த்து எடுக்கிறது? பேரைப் பார்த்து மட்டும் வேண்டாம். ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாவே பார்ப்போம். இப்போ இஇஇ, மெக்கானிக்கல் ரெண்டு பக்கமும் எலக்ட்ரிக் வெஹிகிள் பேப்பருக்கு ஏகப்பட்ட கூட்டம். பேட்டரியில் இருக்கிறது டிசி. மோட்டாருக்கு வேண்டியது பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் ஏசி. நடுவில் இன்வெர்ட்டர் ஒண்ணு ஸ்விட்ச்களைத் திறந்து மூடி, பிடபிள்யூஎம் முறையில் அந்த ஏசியை உண்டாக்குது. ஆக்சிலரேட்டரை மிதிச்சா எவ்வளவு டார்க் வரணும் என்பதை ஒரு கன்ட்ரோல் லூப் தீர்மானிக்குது. பிரேக் பிடிச்சா மோட்டாரே ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புது. ஆக, இன்வெர்ட்டர் புரிய பவர் எலக்ட்ரானிக்ஸ், மோட்டார் புரிய எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ், லூப் புரிய கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். டெஸ்லா மாடல் எஸ் முதலில் வந்தப்போ அதில் இருந்தது இண்டக்‌ஷன் மோட்டார். மெஷின்ஸ் லேபில் நோ லோட் டெஸ்ட், பிளாக்டு ரோட்டார் டெஸ்ட்னு அவதிப்பட்டு ரீடிங் எடுத்தோமே, அதே வகைதான்.

இந்த மூணும் ஓரளவு கையில் இருந்தா இவி பேப்பர் உங்களுக்கு ஒரு விருந்து. இல்லைன்னா பிளாக் டயக்ராமை மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் வரைஞ்சு, மார்க்கும் வாங்கி, இன்டர்வியூவில் "இந்த பிளாக்குக்குள்ள என்ன நடக்குது?" என்ற முதல் கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க. இவி மேல ஆசை இருக்கிற மெக்கானிக்கல் மாணவர் நேரா அந்தப் பேப்பருக்கு ஓடாம, ஓப்பன் எலெக்டிவில் எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட்டின் அடிப்படைப் பேப்பர் ஏதாவது இருக்கான்னு முதலில் பார்க்கலாம். பேர் கவர்ச்சியா இருக்காது, பலன் அதில்தான்.

டீப் லேர்னிங்கும் இதே கதைதான். அதில் பேக் ப்ராபகேஷன் என்று மிரட்டுற விஷயம் கால்குலஸில் வர்ற செயின் ரூல். பிசிஏ என்பது ஐகன் வேல்யூ, ஐகன் வெக்டர். ரெண்டுமே முதல் செமஸ்டர் மேட்ரிக்ஸ் அண்ட் கால்குலஸ் பேப்பரில் வந்ததுதான். 'எம்1 எதுக்குடா படிக்கிறோம்' என்று கேட்டோமே, அதுக்கான பதில் மூணாவது வருஷம் வருது. எம்1 மறந்து போச்சுன்னா டீப் லேர்னிங் எடுக்கக் கூடாதுன்னு சொல்லலை. லீவில் பத்து நாள் அந்த ரெண்டு யூனிட்டையும் திருப்பிப் பார்த்துட்டு எடுங்க.

அதனால எலெக்டிவ் எடுக்கும் முன் சிலபஸ் பக்கத்தைத் திறந்து பாருங்க. நிறைய பேர் அதைத் திறக்கிறதே இல்லை. தலைப்புக்குப் பக்கத்தில் எல், டி, பி, சி என்ற நாலு எண் இருக்கும். லெக்சர், டுடோரியல், பிராக்டிக்கல், கிரெடிட். 2 0 2 3 என்றால் வாரத்துக்கு ரெண்டு மணி தியரி, ரெண்டு மணி லேப், மூணு கிரெடிட். 3 0 0 3 என்றால் லேபே கிடையாது. ஒரே மூணு கிரெடிட்தான், படிக்கிற விதம் தலைகீழ். அடுத்தது கடைசி யூனிட்டுக்குப் போங்க. முதல் யூனிட் எல்லாப் பேப்பரிலும் 'இன்ட்ரொடக்‌ஷன்' என்று சாதுவாத்தான் இருக்கும். அந்தப் பேப்பர் உங்களை எங்கே கொண்டு போய் விடப் போகுதுன்னு நாலாவது, அஞ்சாவது யூனிட்தான் சொல்லும். அதில் வர்ற வார்த்தைகளில் பாதியாவது கேள்விப்பட்டதா இருந்தா தைரியமா எடுக்கலாம். ஒண்ணுமே புரியலைன்னா, அதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய பேப்பர் எதுன்னு அந்த சப்ஜெக்ட் எடுக்கிற சாரையோ மேடத்தையோ போய்க் கேளுங்க. ஸ்டாஃப் ரூமுக்குப் போய் இப்படி ஒரு கேள்வி கேட்கிற மாணவரை யாரும் திட்டி அனுப்ப மாட்டாங்க.

யார் கிளாஸ் எடுக்கிறாங்க என்பதும் முக்கியம்தான், அதை நான் மறுக்கலை. நல்ல ஆசிரியர் கையில் வறண்ட பேப்பரும் உயிர் பெறும். ஆனா நாம சாய்ஸ் கொடுக்கிற நேரத்தில் பல டிபார்ட்மென்ட்டில் யாருக்கு எந்தப் பேப்பர்னு முடிவாகியே இருக்காது. அதை மட்டும் நம்பி இறங்க முடியாது.

என் சொந்த அபிப்பிராயம் ஒண்ணு, ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் உங்க இஷ்டம். தனியா உட்கார்ந்து கத்துக்க முடியுற விஷயத்துக்கு எலெக்டிவைச் செலவழிக்காதீங்க. ஒரு வெப்சைட் கட்டுறதை நாலு வார இறுதியில் வீடியோ பார்த்துக் கத்துக்கலாம். தப்பா எழுதினா பிரவுசரே காட்டிக் கொடுத்துடும். ஆனா கம்பைலர் டிசைனையோ, டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்கையோ, ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸையோ ஹாஸ்டல் ரூமில் தனியா உட்கார்ந்து அஞ்சு யூனிட்டும் முடிச்சவங்க எத்தனை பேர்? அதுக்கெல்லாம் டைம் டேபிளும், இன்டர்னல் டெஸ்டும், கேள்வி கேட்க ஒரு ஆளும் வேணும். காலேஜ் அதைத்தான் கொடுக்குது. காசு கட்டியாச்சு, அந்த வேலையை அதுகிட்ட வாங்கிக்குவோம்.

2021 ரெகுலேஷனில் புரொஃபெஷனல் எலெக்டிவ்களை 'வெர்டிகல்' என்று பிரிச்சு வெச்சிருக்காங்க. டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி இப்படி. ஒரே வெர்டிகலில் ஆறும் எடுக்கலாம், கலந்தும் எடுக்கலாம். இந்த யோசனைக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவரா இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, மாணவர் இஷ்டத்துக்கு விட்டார். அவருக்கு அடுத்து வந்த லாரன்ஸ் லோவெல், இப்படி விட்டா பலபேர் எதையும் ஆழமாப் படிக்காம ஆரம்பநிலைப் பாடங்களையே சிதறலா எடுத்துக்கிட்டுப் போறாங்கன்னு சொல்லி, ஒரு துறையில் ஆழமா சில பாடம், மற்ற துறைகளில் பரவலா சில பாடம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இன்னைக்கு 'மேஜர்' என்று சொல்றது அந்த வழியில் வந்ததுதான். ஆறு எலெக்டிவில் நாலை ஒண்ணுக்கு ஒண்ணு தொடர்பா எடுத்து, ரெண்டை வெளியே எடுக்கலாம் என்பது என் கணக்கு. ஆறும் ஆறு திசையில் போனா ரெஸ்யூமேயில் ஆறு வரி வரும், அவ்வளவுதான்.

மைனர் டிகிரி பத்தி ஜூனியர்ஸ் நிறைய கேட்கிறீங்க. கூடுதலா 18 கிரெடிட், அதாவது ஆறு பேப்பர். உங்க துறையிலேயே எடுத்தா ஹானர்ஸ், வேற துறையில் எடுத்தா மைனர். செமஸ்டருக்கு ரெண்டு பேப்பர் வீதம் எடுத்தா மூணு செமஸ்டருக்கு வாரம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கூடுதல் கிளாஸ். டே ஸ்காலரா தினம் ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் வர்றவங்க இதை நல்லா யோசிக்கணும். அதோட, மைனர் உங்க பிரான்ச்சை மாத்தாது. பொதுத்துறை நிறுவனங்களின் அறிவிப்புகளில் எந்த பிரான்ச் டிகிரி, எந்த கேட் பேப்பர் என்று தெளிவாப் போட்டிருக்கும். மெக்கானிக்கல் டிகிரியோட சிஎஸ்இ மைனர் வெச்சிருந்தா, சிஎஸ்இ மட்டும் கேட்கிற இடத்துக்கு அதை நம்பிப் போக முடியாது. மேல்படிப்புக்கு வாசல் கொஞ்சம் அகலம். கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ என்று தனிப் பேப்பர் இருக்கு. லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிபிஎம்எஸ், மெஷின் லேர்னிங் எல்லாம் அதில் வரும். வேற பிரான்ச்சில் இருந்து அந்தப் பக்கம் போகணும்னா, ஓப்பன் எலெக்டிவ்களை அந்த சிலபஸைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டே தேர்ந்தெடுக்கலாம்.

நடைமுறைச் சிக்கல் ஒண்ணு மிச்சம் இருக்கு. குறைந்தபட்சம் இத்தனை பேர் சேர்ந்தால்தான் ஒரு எலெக்டிவ் ஓடும் என்று பல காலேஜில் விதி. நீங்க ஆசைப்பட்ட பேப்பருக்கு நாலு பேர்தான் வந்தா அது ரத்தாகும், நீங்களும் அந்த நாற்பதோட நாற்பத்தொண்ணு. அதனால செமஸ்டர் பாதியிலேயே பக்கத்து செக்‌ஷன்லயும் கேட்டு ஆள் சேர்த்து வெச்சுட்டு ஹெச்ஓடி-யைப் பாருங்க. பதினஞ்சு இருபது பேர் பேரோட ஒரு பேப்பரை நீட்டும்போது கிடைக்கிற பதிலே வேற. அப்பவும் நடக்கலைன்னா என்பிடெல் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும் கோர்ஸ்கள் ஆரம்பிக்கும். படிக்கிறது இலவசம், தேர்வு எழுத மட்டும் கட்டணம். 12 வார கோர்ஸில் நல்லா செஞ்ச எட்டு அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதுற தேர்வுக்கு 75. அதை எலெக்டிவுக்குப் பதிலா கிரெடிட்டா மாத்தணும்னா, கோர்ஸில் சேர்றதுக்கு முன்னாடியே டிபார்ட்மென்ட்டில் எழுத்து மூலமா அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தின் ஒரு காப்பியைப் பத்திரமா வெச்சுக்குங்க.