தானே தூரம் அளக்கும் காமிரா

1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டாகர் என்பவர் கண்ட புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் நெடுங்காலம், தூரத்தையும் ஒளியையும் கணக்கிடத் தெரிந்தவர்களே தெளிவான படம் எடுக்க முடிந்தது.

இக்குறையைப் போக்க, 1977-இல் ஜப்பானின் கொனிக்கா நிறுவனம் தானே தூரம் அளக்கும் சிறு காமிராவை வெளியிட்டது. 1986-இல் பென்டாக்ஸ் நிறுவனம் இத்தகைய காமிராவில் ‘ஜூம்’ வில்லையைப் பொருத்தியது. 35 மி.மீ. முதல் 70 மி.மீ. வரை நீளும் அவ்வில்லை, நின்ற இடத்திலிருந்தே பொருளை இரு மடங்கு பெரிதாக்கும். இத்தகைய காமிராக்கள் இன்றும் பல வீட்டுப் பீரோக்களில் உறங்குகின்றன.

இது தூரத்தை எவ்வாறு அளக்கிறது? பல காமிராக்களில், பொத்தானை அழுத்தியதும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பாய்கிறது. அது எதிரே பட்டுத் திரும்பும் கோணத்தைக் கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. அதற்கேற்ப வில்லை நகர்கிறது.

ஆனால் கதிர் படத்தின் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கும். இருவர் அருகருகே நின்றால், அவர்களுக்கிடையே புகுந்து பின்சுவரை அளந்துவிடும். சுவர் தெளிவாக விழும், முகங்கள் மங்கிவிடும். ஆகவே ஒருவர் முகத்தை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும். விரலை எடுக்காமல் காமிராவைத் திருப்பி, இருவரையும் சட்டத்துள் அடக்கி, முழுதும் அழுத்த வேண்டும்.

வில்லையை நீட்டினால் உட்புகும் ஒளி குறையும். கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் தேரைப் பகல் வெயிலில் எடுக்க 100 ஐ.எஸ்.ஓ. பிலிம் போதும். மாதா கோவில் இரவுத் தேர்பவனிக்கோ 400 பிலிம் வேண்டும். பிளாஷ் வெளிச்சம் சில மீட்டர்களே எட்டுமாதலால், வில்லையை நீட்டாமல் அருகில் சென்று எடுப்பதே நலம்.

நம் அரியாங்குப்பத்தின் ஈரக் கடற்காற்றில் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். காமிராவை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். நெடுநாள் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

உதகமண்டலத்தில் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இயங்கவில்லை. பிலிமின் விலையோ அதிகம். பெரிய சுருளிலும் 36 படங்களே. ஆகையால் ஒவ்வொன்றையும் எண்ணி எடுக்க வேண்டும்.

யாரை எடுப்பது என்பதை எந்தக் காமிராவும் அறியாது. வீட்டு விழாக்களில் எல்லாரும் படத்தில் இருப்பர்; அடுப்படியில் வேலையாயிருக்கும் அன்னை மட்டும் இருக்கமாட்டார். அவரையும் அழைத்து நடுவில் நிறுத்திய பிறகே பொத்தானை அழுத்துவோமாக!