மீண்டவர் தரும் துணை

கேள்வி: மனநோயிலிருந்து மீண்டவர்களை மனநல மருத்துவமனையிலேயே வேலைக்கு வைக்கிறார்களாமே, அது சரிவருமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகச் சரிவரும். யோசனையும் புதிதல்ல. 1790களிலேயே பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் கண்காணிப்பாளர் புஸ்ஸேன், குணமானவர்களைப் பணியாளர்களாக அமர்த்தினார். நோயாளிகளிடம் அவர்கள் கனிவாக நடந்துகொள்வார்கள் என்பதே காரணம்.

“மாத்திரை போட்டால் கை நடுங்குகிறதே” என்று கலங்குபவரிடம், “எனக்கும் நடுங்கியது, டாக்டரிடம் சொன்னேன், அளவை மாற்றினார்” என்று ஒருவர் சொன்னால் அதன் பலமே தனி.

ஆனால், முறையான பயிற்சி, தெளிவான பணி வரையறை, தவறாத சம்பளம், மனம் தளர்ந்தால் கலந்துபேச ஒரு மூத்தவர் ஆகிய நான்கும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. டீ வாங்கிவர அவர்களை அனுப்பாதீர்கள். சிகிச்சைக் குழுவில் சமமாக உட்கார வையுங்கள்.