ஒளிரும் தூண்டில் இரை
(இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். இரையைக் காட்டி இரும்பை மறைக்கும் இக்கலை அவ்வளவு பழமையானது. இறால் வடிவில் செய்த பொய்யிரையால் கணவாய் பிடிக்கும் வழக்கம் இன்று பல கடற்கரைகளில் உண்டு. அந்த இரைக்குள் ஒரு சிறு விளக்கை வைத்தால் என்ன? வகுப்பில் படித்த மின்னணுவியலைக் கொண்டு யான் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எந்த நிறம்?

கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர் ஆழத்திற்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. நீலமும் பச்சையுமே நெடுந்தொலைவு செல்பவை. பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே வகை ஒளி நிறமிதான் உண்டு. அதுவும் நீலப் பச்சை ஒளியையே நன்கு உணர்கிறது. எனவே பச்சை நிற ஒளி உமிழும் டயோடைத் தேர்ந்தெடுத்தேன். அது எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஒரே ஒரு 3 வோல்ட் நாணய மின்கலம் போதாது. இரண்டைத் தொடராக இணைத்து 6 வோல்ட் பெற்றேன்.

மின்சுற்று

விளக்கு தொடர்ந்து எரிந்தால் மின்கலம் விரைவில் தீரும். ஆகவே மின்னி மின்னி எரியச் செய்ய வேண்டும். இதற்கு 555 என்னும் காலக்கணிப்புச் சில்லின் குறைமின் வகையான 7555 ஏற்றது. 8ஆம், 7ஆம் கால்களுக்கு இடையே 1 மெகாஓம். 7க்கும் 6க்கும் இடையே 100 கிலோஓம். 2ஐயும் 6ஐயும் சேர்த்து, அங்கிருந்து 1ஆம் காலுக்கு 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. 4ஆம் காலை 8உடன் இணைக்க வேண்டும். டயோடும் 680 ஓம் தடையும் 8க்கும் 3க்கும் இடையே தொடராக வரும்.

3ஆம் கால் தாழ்நிலையில் இருக்கும்போதுதான் விளக்கு எரியும். அந்நேரம் 0.69 × 100 கிலோஓம் × 1 மைக்ரோ ஃபாரட், அதாவது 0.07 வினாடி. அணைந்திருக்கும் நேரம் 0.76 வினாடி. ஆக, நிமிடத்திற்குச் சுமார் 72 மின்னல்கள். நம் நாடித் துடிப்பைப் போல!

நாணய மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. 4 மில்லி ஆம்பியரில் தொடர்ந்து எரிந்தால் 55 மணி நேரமே வரும். பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரிவதால், சில்லின் செலவையும் சேர்த்துச் சராசரி அரை மில்லி ஆம்பியர்தான். கணக்குப்படி 400 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும்.

நீரே விசை

இரையில் விசை வைத்தால் அதன் வழியே நீர் புகும். ஆகவே துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் இரண்டை வெளியே நீட்டி, கடல்நீரே சுற்றை முடிக்குமாறு செய்தேன். முதலில் முழு மின்னோட்டத்தையும் திருகுகள் வழியே செலுத்தியது என் பிழை. மின்னாற்பகுப்பு நிகழ்ந்து குமிழிகள் எழுந்தன, விளக்கு மங்கியது, ஒரு திருகு அரிக்கப்பட்டது. பின்னர் எதிர்முனைக்கும் சில்லின் 1ஆம் காலுக்கும் இடையே ஒரு பிசி 547 டிரான்சிஸ்டரை அமைத்தேன். ஒரு திருகை மின்கலத்தின் நேர்முனையிலும், மற்றதை 47 கிலோஓம் வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாயிலும் இணைத்தேன். இப்போது நீர் வழியே செல்வது 0.1 மில்லி ஆம்பியர் அளவே. கரையேறியதும் திருகுகளைத் துடைக்க வேண்டும். உப்பு ஈரம் இருந்தால் விளக்கு அணையாது.

நீர் புகாமை

என் முதல் இரை வாளி நீரிலேயே நனைந்து செத்தது. பார்த்துக்கொண்டிருந்த என் தந்தையார், "மீனைப் பிடிக்கிறது இருக்கட்டும், முதல்ல அது தண்ணியைப் பிடிக்காம இருக்கட்டும்டா" என்றார். அவர் கடலில் தொழில் செய்பவர். அச்சொல் எனக்குப் பாடமாயிற்று. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே சுற்று முழுவதையும் காற்றில்லாமல் எப்பாக்சிப் பசையில் புதைத்தேன். மின்கல அறைக்கு மட்டும் ரப்பர் வளையம் இட்ட திருகுமூடி. உள்ளே காய்ந்த காகிதத்தை வைத்து, கல் கட்டி, ஓரிரவு கிணற்றில் இறக்கிச் சோதித்த பிறகே மின்கலத்தை இட்டேன்.

முடிவுரை

இரண்டு எச்சரிக்கைகள். நாணய மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழல் புண்ணாகும். ஆதலால் மூடி கையால் எளிதில் திறவாதிருக்க வேண்டும். இரண்டாவது, 2017 நவம்பரில் மைய அரசு, இழுவலை போன்ற வலைத் தொழில்களில் செயற்கை ஒளியைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பேரொளி பாய்ச்சிக் குஞ்சும் குளுவானுமாக வாரியெடுத்தால் நாளைக்கு மீன் இராது என்பதே காரணம். நம் கருவி ஒற்றைத் தூண்டிலுக்கே உரியது. ஆயினும் கடலில் இறக்குமுன் மீன்வளத் துறையில் கேட்டறிவது முறை.

இதை இன்னும் கடலில் இறக்கவில்லை. கிணற்றின் இருளில் அது மின்னியதைத் தந்தையாரும் யானும் எட்டிப் பார்த்தோம். "எரியுது" என்றார். ஏட்டுக் கணக்கு அன்று எனக்கு உயிர் பெற்றது. நண்பர்களே, நீங்களும் செய்து பாருங்கள்!