பாம்புச் சட்டையை அழுத்தினால் பாம்பு வராது

ஆடி பிறப்பதற்குள் அந்தப் பேச்சு காதில் விழத் தொடங்கிவிடும். "காளிங்கன் பொம்மைக்கு நிஜச் செதில் வேணுமா? வரப்புல கிடக்குற பாம்புச் சட்டையை எடுத்து ஈரக் களிமண்ணுல அழுத்து, அச்சு அசலா வந்துடும்." முசரவாக்கத்தில் கேட்டாயிற்று, சின்னக் காஞ்சிபுரத்தில் கொலு பொம்மை செய்பவர்களிடம் கேட்டாயிற்று. கைப்பாவை செய்யப் பழகும் பிள்ளைகளும் இதையே ஒப்பிக்கிறார்கள். வராது. எத்தனை தடவை சொன்னாலும் மறுவருடம் யாராவது ஒரு சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

முதல் காரணம், பாம்பின் செதில் மீன் செதிலைப் போலத் தனியாக ஒட்டியிருப்பதல்ல. மேல்தோலே மடிந்து தடித்து உண்டாவது. ஒரு செதிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய தோல் மடங்கிக் கிடக்கிறது. சட்டை உரியும்போது அந்த மடிப்பெல்லாம் விரிந்து நீண்டுவிடும். உரிந்த சட்டை பாம்பைவிட நீளமாக இருப்பது அதனால்தான். பெரும்பாலும் உள்புறம் வெளியே புரண்டும் கிடக்கும். காகிதத்தைவிட மெல்லிய அதை மண்ணில் அழுத்தினால் மங்கலாக ஒரு கட்டம் விழும். கொஞ்சம் ஆழமாகப் பதிந்தாலோ, மேடாக இருக்கவேண்டிய செதில் பள்ளமாகிவிடும்.

அளவையும் யாரும் யோசிப்பதில்லை. சாரைப் பாம்பின் நடு உடம்பில் குறுக்கே பொதுவாக 17 வரிசைச் செதில் உண்டு. கண்ணாடி விரியனுக்கு 27 முதல் 33 வரை. குட்டியாக இருந்தபோதும் அதே வரிசைதான். பாம்பு வளர வளரச் செதில்தான் பெரிதாகும், எண்ணிக்கை கூடாது. விரல் பருமனுள்ள பொம்மைப் பாம்பில் வளர்ந்த சாரையின் சட்டையை அழுத்தினால் ஐந்தாறு வரிசைகூட நிற்காது. ஆளுயர ஆதிசேஷன் மேல் அழுத்தினால் எண்ணி மாளாது. இரண்டும் பாம்பாகத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, பாம்பு வளைகிற உயிர். வளைவின் உள்பக்கம் செதில்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும், வெளிப்பக்கம் விலகும். நாகம் படம் எடுக்கும்போது கவனியுங்கள்: கழுத்து விலா எலும்புகள் விரிந்து தோலை இழுக்க, செதில்கள் தனித்தனியாகப் பிரிந்து நடுவே வெறும் தோல் தெரியும். காளிங்கனின் படத்திலும் உடம்பிலும் ஒரே இடைவெளியில் செதில் வைத்தால், கண்ணன் ஆடுவது பாம்பின்மேல் அல்ல, கோணிப்பையின்மேல்.

சரியான வழி பொறுமை கேட்கும், அவ்வளவுதான். களிமண் விரலில் ஒட்டாத பதத்துக்கு இறுகட்டும். வயிற்றின் அகலப் பட்டைகளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து சாய்வாக முதுகுக்கு வரிசை ஏற்றுங்கள். பிறகு மெல்லிய பாலித்தீன் தாளை மண்மேல் விரித்து, மழுங்கிய மூங்கில் குச்சியால் அதன் மேலாகவே கோட்டை அழுத்துங்கள். விளிம்பு பிசிறில்லாமல் உருண்டு வரும். காகிதக் கூழில் வார்ப்பவர்கள் கோட்டைக் கண்ணுக்குப் பிடித்ததைவிட ஆழமாகவே வைக்கவேண்டும். கூழும் அதன்மேல் பூசும் வெள்ளைச் சுண்ணமும் பாதி ஆழத்தை விழுங்கிவிடும்.

மற்றவை சில்லறை. பல்லிக்குச் செதில் இல்லை, வழவழவென்று விடலாம் என்கிறார்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் பக்தர்கள் தொட்டுத் தொட்டு வணங்கும் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைப் பார்த்துச் செய்தால் அப்படித்தான் தோன்றும். வீட்டுச் சுவரில் இருப்பதை உற்றுப் பாருங்கள், உடம்பு முழுக்கப் பொடிப்பொடியான மணிச் செதில். முதலையின் முகத்தை இடமும் வலமும் ஒத்துப்போகச் செதுக்குவதும் தப்பு. முகத்தில் செதில்களைப் பிரிக்கும் கோடுகள் தோல் இறுகும் விசையால் உண்டாகிறவை, பக்கத்துக்குப் பக்கம் மாறும் என்று ஜெனிவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

உடும்புத் தோலை வைத்து அச்சு எடுக்கலாமே என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. தோலை வைத்திருப்பதே குற்றம். ஒரு பொம்மைக்காக ஓர் உயிரைக் கொல்வதைக் கலை என்று சொல்லாதீர்கள்.

உயிரோடு பார்க்க இடமா இல்லை? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. 1978-இல் தொடங்கப்பட்ட, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கமும் அங்கே இயங்கிவருகிறது. பொம்மை கற்றுத்தரும் ஒவ்வொரு பட்டறையும் பிள்ளைகளை அங்கே ஒரு நாள் அழைத்துப்போக வேண்டும். கலைப் பள்ளிகள் இதைப் பாடமாகவே வைக்கவேண்டும். கையில் பென்சிலும் நோட்டும் போதும். இந்த வருடக் காளிங்கனுக்கு மண் பிசைவதற்கு முன் ஒருமுறை போய்வாருங்கள்.